சீனியருக்கு எத்தனை சான்ஸ், வரிசைல நிக்கிறவனுக்கு எத்தனை?

ஸ்லிப்ல_நிக்கிறேன்:

2025 டிசம்பர் விசாகப்பட்டினம் ஒன் டே முடிஞ்சதுலேர்ந்து எந்த குரூப்பைத் தொறந்தாலும் 2027 வேர்ல்ட் கப்புக்கு கோலி, ரோஹித் டிக்கெட் போட்டாச்சுங்கிற பேச்சுதான் ஓடுது. சரி, 135, 102, 65 நாட் அவுட்னு தென்னாப்பிரிக்காவை அடிச்ச கோலியை யாரு வேணாம்னு சொல்லப் போறா. ஒன் டேல எனக்கு வம்பே இல்ல.

நான் கேக்க வந்தது டெஸ்ட் பத்தி. 2024 கடைசில நியூஸிலாந்து வந்து நம்ம ஊர்லயே 3-0னு முடிச்சிட்டுப் போனாங்களே, 12 வருஷமா சொந்த மண்ணுல சீரிஸ் தோக்காத டீம், அந்த சீரிஸ்ல கோலி ஆறு இன்னிங்ஸ்ல 93, ரோஹித் ஆறு இன்னிங்ஸ்ல 91. வேற எவனா இருந்தாலும் அடுத்த ஃபிளைட்ல பேரு இருந்திருக்காது. இவங்க ரெண்டு பேரும் நேரா ஆஸ்திரேலியா போனாங்க. கோலி பெர்த்ல ஒரு நூறு அடிச்சார், அப்புறம் சீரிஸ் பூரா ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய போற பந்தைத் தொட்டுத் தொட்டு கீப்பருக்கும் ஸ்லிப்புக்கும் குடுத்துட்டே இருந்தார், ஆஸ்திரேலிய பவுலர் போலண்டுக்கு எங்க போடணும்னு யோசிக்கிற வேலையே மிச்சம். ரோஹித் அஞ்சு இன்னிங்ஸ்ல 31. கடைசில சிட்னில அவரே ஒதுங்கிக்கிட்டார். கவனிங்க, அவரே ஒதுங்கினார், செலக்டர் யாரும் உக்கார வைக்கல.

எடுத்தவன் அடிக்கலேன்னா ஊருக்கே தெரியும். எடுக்காம விட்டவன் அடிச்சிருப்பானாங்கிறது எந்த ஸ்கோர்கார்டுலயும் வராது. இதுதான் எனக்குப் பிரச்சனை. பத்ரிநாத்தை எடுத்துக்கோங்க, ரஞ்சி மாதிரி ஃபர்ஸ்ட் கிளாஸ் மேட்ச்ல 10,000 ரன்னுக்கு மேல, ஆவரேஜ் 54. 29 வயசுல 2010 நாக்பூர்ல சீனியருங்க காயம்னு ஒரு இடம் கெடச்சுது, மொத இன்னிங்ஸ்லயே 56. மொத்தம் ரெண்டே டெஸ்ட்டோட கதை முடிஞ்சுது.

சொல்லுங்க, எவ்ளோ நாள் பேருக்காக வைக்கணும்?

கவர்_டிரைவ்_காதலன்:

ஆரம்பிச்சுட்டாங்கய்யா. தலைவா, 9230 டெஸ்ட் ரன், 30 செஞ்சுரி, 68 மேட்ச் கேப்டன், இதெல்லாம் ரெண்டு சீரிஸ்ல கரைஞ்சு போயிடுமா? யானை படுத்தாலும் குதிரை மட்டம்னு சும்மா சொல்லல. 2024 டி20 வேர்ல்ட் கப் பூரா கோலி அடிக்கல, எல்லாரும் தூக்குன்னு கத்துனீங்க, ஃபைனல்ல 76 அடிச்சது யாரு? ரோஹித் ஆஸ்திரேலியால அடிக்கலேன்னீங்க, ரெண்டே மாசத்துல சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல்ல 76, மேன் ஆஃப் தி மேட்ச்.

2025 மே மாசம் அஞ்சு நாள் இடைவெளில ரெண்டு பேரும் டெஸ்ட் போதும்னு போயிட்டாங்க. உங்க ஆசைப்படி எல்லாம் புதுசு. என்ன ஆச்சு? நவம்பர்ல தென்னாப்பிரிக்கா வந்து 2-0. கவுகாத்தில 408 ரன் வித்தியாசம், இந்தியா டெஸ்ட் ஆட ஆரம்பிச்சதுலேர்ந்து ரன் கணக்குல இவ்ளோ பெரிய தோல்வி கெடையாது. இப்ப எங்க போச்சு உங்க புதுப்பித்தல்?

டீக்கடை_அம்பயர்:

ரெண்டு பேரும் தப்பா சண்ட போடுறீங்கண்ணே. மும்பைல நியூஸிலாந்துக்கு எதிரா 147 வேணும், சீனியருங்க எல்லாம் இருந்த டீம் 121ல ஆல் அவுட். ஒரு வருஷம் கழிச்சு கொல்கத்தால 124 வேணும், சின்னப் பயலுக டீம் 93ல ஆல் அவுட், அதுலயும் கேப்டன் கில் கழுத்துல புடிச்சு பேட்டிங்கே வரல. பெருசு ஆடினாலும் அதே, சிறுசு ஆடினாலும் அதே. மொத நாள்லேர்ந்து பந்து திரும்புற மாதிரி பிச் போட்டு, எதிர் டீம் ஸ்பின்னரை நாமளே பெரிய ஆளாக்கிவிட்டா வயசை மாத்தி என்ன பண்ண? சாண்ட்னர் புனேல 13 விக்கெட், ஹார்மர் ரெண்டு டெஸ்ட்ல 17 விக்கெட்.

ஸ்லிப்ல_நிக்கிறேன்:

அம்பயர் அண்ணே, பிச் ஒரு காரணம்தான், ஆனா ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அதே கொல்கத்தா பிச்ல தென்னாப்பிரிக்கா கேப்டன் பவுமா 55 நாட் அவுட் அடிச்சாரே.

ஐ_ஸ்டாண்ட்_ரவுடி:

சீனியருக்கு விசுவாசம், சீனியருக்கு விசுவாசம்ங்கிறீங்களே, எந்த சீனியருக்கு மச்சி? எனக்கு அதுதான் எரியுது. 2024 செப்டம்பர்ல சேப்பாக்கத்துல பங்களாதேஷ் மேட்ச், 144க்கு 6 விக்கெட்னு டீம் நாறிக் கெடக்குது, அஷ்வின் வந்து 113 அடிச்சார், அப்பால ரெண்டாவது இன்னிங்ஸ்ல 6 விக்கெட். நான் அன்னிக்கு ஸ்டாண்ட்ல இருந்தேன், தொண்ட போயிடுச்சு. கரெக்டா மூணு மாசம், டிசம்பர் 18, பிரிஸ்பேன்ல ரிட்டயர்டு. பெர்த்ல உக்கார வெச்சாங்க, அடிலெய்டுல எடுத்தாங்க, பிரிஸ்பேன்ல மறுபடி உக்கார வெச்சாங்க. 537 விக்கெட் எடுத்த ஆளுய்யா!

2023 டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல் ஓவல்ல, ரேங்கிங்ல உலகத்துலயே நம்பர் ஒன் பவுலரு, அவரையும் வெளிய வெச்சாங்க. பிச் பச்சையா இருக்காம், கண்டிஷனாம். அப்போ பேட்ஸ்மேனுக்கு மட்டும் ஏன் கண்டிஷன் இல்ல? பந்து வெளிய போற ஊருல வெளிய போற பந்துக்கு அவுட் ஆவுறவரை உக்கார வைக்கலாம்ல? பவுலர்னா மேட்ச்சுக்கு மேட்ச் கணக்கு, பேட்ஸ்மேன்னா வாழ்நாள் கணக்கு. இந்த விசுவாசம் எல்லாம் டாப் ஆர்டருக்கு மட்டும் தர்ற சலுகை, அவ்ளோதான்.

கவர்_டிரைவ்_காதலன்:

அஷ்வின் விஷயத்துல ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அங்க மட்டும் ஒத்துக்குறேன்.

பழைய_ரேடியோ:

தம்பிகளா, இந்தப் பஞ்சாயத்து உங்க காலத்துல ஆரம்பிக்கல. கபில்தேவ் நியூஸிலாந்து ஹாட்லியோட 431 டெஸ்ட் விக்கெட் சாதனையைத் தாண்டணும்னு நாடே காத்துக்கிட்டு இருந்துச்சு. 1994 பிப்ரவரி, அகமதாபாத், இலங்கைக்கு எதிரா 432வது விக்கெட். நானும் சந்தோஷப்பட்டேன், இல்லேன்னு சொன்னா பொய். ஆனா அந்தக் கடைசி ரெண்டு வருஷம் கபில் ஓடிவந்து போட்ட வேகம் எல்லாருக்கும் தெரியும், ஸ்பின்னர்கள் மேட்ச்ச ஜெயிச்சுக் குடுப்பாங்க, கபில் ஒண்ணு ரெண்டு எடுப்பார். ஸ்ரீநாத் 1991ல ஆஸ்திரேலியால ஆட ஆரம்பிச்ச பையன், நல்ல வேகம், அவனுக்கு சொந்த நாட்டுல மொத டெஸ்ட் ஆடக் கிடைச்சது 1994 கடைசில, கபில் போன பிறகு. ஒரு ஃபாஸ்ட் பவுலரோட இளமை மூணு வருஷம் டிரிங்ஸ் தூக்கியே போச்சு, நம்ம ஊருல ஃபாஸ்ட் பவுலரே இல்லேன்னு புலம்பிக்கிட்டே இதைப் பண்ணோம்.

அடுத்தது சச்சின். கடைசி டெஸ்ட் செஞ்சுரி 2011 ஜனவரி, கேப் டவுன், ஸ்டெயினை எதிர்த்து 146. ரிட்டயர்டு ஆனது 2013 நவம்பர். நடுவுல கிட்டத்தட்ட மூணு வருஷம் டெஸ்ட்ல ஒரு நூறு கிடையாது. நூறாவது நூறு, நூறாவது நூறுன்னு ஒரு வருஷம் முழுக்க பேசிப் பேசியே கழிச்சோம், கடைசில மிர்பூர்ல ஒரு ஒன் டேல வந்துச்சு, அந்த மேட்ச்சுல பங்களாதேஷ்கிட்ட தோத்தோம்.

இன்னொரு கதையும் இருக்கு. 2011ல இங்கிலாந்துல 4-0, அந்த டிசம்பர் ஜனவரில ஆஸ்திரேலியால 4-0. தோனியை கேப்டன்சிலேர்ந்து எடுத்துடலாம்னு அன்னிக்கு செலக்டரா இருந்த மொஹிந்தர் அமர்நாத் உள்பட கமிட்டி முடிவு பண்ணுச்சு, தலைவர் நம்ம ஸ்ரீகாந்த். போர்டு தலைவர் ஸ்ரீனிவாசன் கையெழுத்துப் போடல, முடிஞ்சுது. அமர்நாத்தே இதை வெளிய சொன்னார், ஸ்ரீனிவாசனும் பின்னாடி ஒத்துக்கிட்டார். செலக்டருக்கு தைரியம் இல்லேன்னு திட்டுறீங்க, தைரியம் வந்தப்போ என்ன ஆச்சுன்னு பாருங்க. ஆனா அதே தோனி 2013ல சாம்பியன்ஸ் டிராபி ஜெயிச்சார். அப்போ ஸ்ரீனிவாசன் செஞ்சது சரியா தப்பா? எனக்கு இன்னும் குழப்பம்தான்.

கவர்_டிரைவ்_காதலன்:

ஐயா நீங்களே என் கட்சிக்கு வந்துட்டீங்க. 2011 இங்கிலாந்து டூர்ல டிராவிட்டுக்கு 38 வயசு. மூணு செஞ்சுரி, 461 ரன். மத்தவன் எல்லாம் கைய விரிச்சப்போ அந்த மனுஷன் ஒருத்தர்தான் நின்னார். வயசாயிடுச்சுன்னு முன்னாடியே தூக்கியிருந்தா?

பழைய_ரேடியோ:

தூக்கச் சொல்லலப்பா. ஆனா மீதிக் கதையையும் சொல்லு. நாலு மாசம் கழிச்சு அதே டிராவிட் ஆஸ்திரேலியால ஆவரேஜ் 24, ஸ்டம்ப் பறந்துக்கிட்டே இருந்துச்சு. லக்ஷ்மண் 20க்கும் கீழ. முடிவு வர்றப்போ இவ்ளோ வேகமா வருது. நாலு டெஸ்ட்டும் இந்த ரெண்டு பேரையும் மாத்தாம ஆடினாங்க. வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த பையன் யாரு தெரியுமா? ரோஹித் சர்மா. 2010ல பத்ரிநாத் ஆடினாருன்னு சொன்னீங்களே அதே நாக்பூர் மேட்ச்ல ரோஹித்தும் ஆட வேண்டியது, காலைல வார்ம் அப்ல கால் பிசகிப் போச்சு. அப்புறம் அவருக்கு மொத டெஸ்ட் கிடைச்சது 2013 நவம்பர்ல, 26 வயசுல, ஈடன்ல 177 அடிச்சார். வரிசைல நின்னு நின்னு வந்தவர்தான் கடைசில வரிசைய மறிச்சுக்கிட்டு நின்னாருன்னு இப்ப திட்டு வாங்குறார்.

ஸ்லிப்ல_நிக்கிறேன்:

ஐயா இது சூப்பர். இதை நான் யோசிக்கவே இல்ல.

யாழ்_லெக்ஸ்பின்:

இந்தியாக்காரருக்கு இது ஆடம்பரமான பிரச்சனை எண்டுதான் நான் சொல்லுவன். உங்களிட்ட பின்னால நிக்க ஆக்கள் இருக்கினம். எங்கட இலங்கைக் கதையைப் பாருங்கோ. மஹேல ஜெயவர்த்தன 2014இலயும் சங்கா, அதுதான் சங்கக்கார, 2015இலயும் டெஸ்டில இருந்து போயிட்டினம், ஒரு வருச இடைவெளியில ரெண்டு பேரும். முரளி 2010இலயே போயிட்டார், 800 விக்கெட்டோட. அவை இருக்கேக்குள்ள பக்கத்தில ஒரு பெடியனையும் ஒழுங்கா வளத்தெடுக்கேல்ல. 2016இல அவுஸ்திரேலியாவை இங்க 3-0 எண்டு அடிச்சம், சரி வந்திட்டம் எண்டு நினைச்சா, 2017இல சிம்பாப்வே இங்க வந்து ஒருநாள் தொடரை வெண்டுகொண்டு போட்டுது.

சங்கா போகேக்க ஆரும் போ எண்டு சொல்லேல்ல, இன்னும் ஒரு வருசம் நில்லுங்கோ எண்டுதான் கெஞ்சினவை. நல்லா ஆடிக்கொண்டிருக்கேக்குள்ள போனார். ரசிகருக்கு அது மரியாதையா இருந்துது, அணிக்கு அது பெரிய இடி. அதால கேக்கிறன், நேரத்துக்குப் போறதே நல்லதெண்டு எல்லாரும் கதைக்கிறியள், பின்னால ஒருத்தரும் இல்லாட்டி?

மூணாவது_மேன்:

யாழ் நண்பர் சொன்னது ஆஸ்திரேலியாவுக்கே நடந்திருக்குங்க. 1984 ஜனவரி சிட்னி டெஸ்ட்டோட கிரெக் சாப்பல், லில்லி, மார்ஷ் மூணு பேரும் ஒண்ணா போயிட்டாங்க. அடுத்த மூணு நாலு வருஷம் அடி வாங்கினாங்க, ஆலன் பார்டர் ஒருத்தரே தாங்கிப் பிடிச்சாரு. அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் அவங்க இரக்கமே பார்க்காம ஒவ்வொருத்தரா கழட்ட ஆரம்பிச்சாங்களோன்னு எனக்குத் தோணுமுங்க. 1999ல இயன் ஹீலி, உலக சாதனை வச்சிருந்த கீப்பர், சொந்த ஊர் பிரிஸ்பேன்ல ஒரே ஒரு டெஸ்ட் ஆடிட்டுப் போறேன்னு கேட்டாரு. முடியாதுன்னுட்டாங்க. அந்த பிரிஸ்பேன் டெஸ்ட்ல கில்கிறிஸ்ட் இறங்கினாரு. அடுத்த டெஸ்ட் ஹோபார்ட்ல 149 நாட் அவுட், தோக்க வேண்டிய மேட்ச்ச ஜெயிச்சுக் குடுத்தாரு. ஹீலிக்கு அது கொடுமைதானுங்க, இல்லேன்னு யாரும் சொல்ல முடியாது.

இங்கிலாந்து கொஞ்சம் நாகரிகமா பண்ணாங்க. ஆண்டர்சனை முன்னாடியே கூப்பிட்டு உக்கார வெச்சு, ஆஸ்திரேலியாவோட ஆடுற அடுத்த ஆஷஸ் சீரிஸுக்கு நீங்க இல்ல, லார்ட்ஸ்ல ஒரு டெஸ்ட் ஆடிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. 704 விக்கெட்டோட போனாரு. அதே மேட்ச்ல அட்கின்சன்னு புதுப் பையன் 12 விக்கெட். தேதி முன்னாடியே தெரிஞ்சதால வழியனுப்பவும் முடிஞ்சது, புது ஆளை இறக்கவும் முடிஞ்சது. நம்ம புஜாராவுக்கு என்ன பண்ணாங்க? 103 டெஸ்ட். 2023 ஓவலுக்கு அப்புறம் ஒரு அழைப்பும் இல்லீங்க. ரஞ்சி ஆடினாரு, இங்கிலாந்து போய் கவுண்டி ஆடினாரு, ரெண்டு வருஷம் காத்திருந்து 2025 ஆகஸ்ட்ல அவரே ஒரு அறிக்கை போட்டுட்டு போயிட்டாரு.

டீக்கடை_அம்பயர்:

எங்க தெரு டீம்ல ஒரு அண்ணன் இருக்காரு, நாப்பத்தஞ்சு வயசு, ஓப்பனிங் அவருதான், ஃபர்ஸ்ட் ஸ்லிப்பும் அவருதான், குனிய மாட்டாரு. பேட்டும் ஸ்டம்பும் அவரோடது, யாரு சொல்றது? போர்டு, ஸ்பான்சர், டிவி உரிமைன்னு வந்துட்டா அங்கயும் இதே கதைதாண்ணே. கோலி ஆடினா ஸ்டேடியம் நெறையுது.

ஐ_ஸ்டாண்ட்_ரவுடி:

அதுக்கு உதாரணம்தான் அந்த டெல்லி ரஞ்சி மேட்ச். 2025 ஜனவரி, போர்டு எல்லாரும் உள்ளூர் ஆடணும்னு ரூல் போட்டுது, கோலி 12 வருஷம் கழிச்சு ரஞ்சி ஆட வந்தார், ரயில்வேஸுக்கு எதிரா. காலைல அஞ்சு மணிக்கே கேட்டுல கூட்டம். ரஞ்சிக்கு! ஹிமான்ஷு சங்வான் ஆஃப் ஸ்டம்பை புடுங்கிட்டான், 6 ரன். ஸ்டேடியம் கால்வாசி காலி. அந்த ஆளு ஒரு விக்கெட்டால ஃபேமஸ் ஆனான், ஆனா அவன் வருஷா வருஷம் ரயில்வேஸுக்காக ஓடிப்போட்ட ஓவரெல்லாம் எத்தன பேரு பாத்திருப்பாங்க?

கவர்_டிரைவ்_காதலன்:

அதான் 2025 டிசம்பர்ல விஜய் ஹசாரே, உள்ளூர் ஒன் டே போட்டி, ஆடினாங்களே. ரோஹித் சிக்கிமுக்கு எதிரா 155, கோலி ஆந்திராவுக்கு எதிரா 131. இதுக்கு மேல என்ன நிரூபிக்கணும்?

ஸ்லிப்ல_நிக்கிறேன்:

ஒன் டேல நிரூபிச்சாச்சு, ஒத்துக்கிட்டேனே மொத பதிவுலயே. நான் பேசுறது ஒரே அளவுகோல் இருக்கான்னு. ரவுடி, நீ சேப்பாக்கம்கிறதால உனக்கு ஞாபகம் இருக்கும், 2016 டிசம்பர், கருண் நாயர் 303 நாட் அவுட்.

ஐ_ஸ்டாண்ட்_ரவுடி:

மறக்குமா? அன்னிக்கு ஆபீஸ் கட் அடிச்சுட்டுப் போனவன் நான். புயலடிச்சு ஒரு வாரம்தான் ஆவுது, ரோட்டோரம் மரமெல்லாம் அப்படியே கெடக்குது. கருண் ஸ்வீப், ரிவர்ஸ் ஸ்வீப்னு இங்கிலாந்து ஸ்பின்னர்களை வெச்சு செஞ்சான்.

ஸ்லிப்ல_நிக்கிறேன்:

அவருக்கு அடுத்த டெஸ்ட் என்ன ஆச்சு? ஹைதராபாத், பங்களாதேஷுக்கு எதிரா, டீம்ல இல்ல. ரஹானே காயம் சரியாகி வந்துட்டார், சீனியர், அவரோட ரெண்டு வருஷ உழைப்பை ஒரு இன்னிங்ஸை வெச்சு மறைக்க முடியாதுன்னு கேப்டன் கோலி சொன்னார். நியாயமாவே எடுத்துப்போம். அதுக்கப்புறம் 2017 தர்மசாலாவோட கருண் காணாமப் போயிட்டார். எட்டு வருஷம் உள்ளூர்ல ஓடி ஓடி 33 வயசுல 2025 இங்கிலாந்து டூருக்கு வந்தார், நாலு டெஸ்ட், 205 ரன், ஓவல்ல பச்சைப் பிச்ல ஒரு 57. போதும் கிளம்புன்னுட்டாங்க. நாலு டெஸ்ட்! அந்த நாலு டெஸ்ட் அளவுகோலை 2024ல சீனியர்கள் மேல வெச்சிருந்தா நியூஸிலாந்து சீரிஸோடயே முடிஞ்சிருக்கும்.

வயசு காரணமேன்னா அதுவும் இல்ல. ஜடேஜா கோலியை விட ஒரு மாசம்தான் சின்னவர். இங்கிலாந்துல 516 ரன் அடிச்சார், அவரை யாரும் போகச் சொல்லல, சொல்லவும் கூடாது.

மூணாவது_மேன்:

உங்க வாதத்தை நானே இன்னும் கொஞ்சம் தள்ளிட்டுப் போறேனுங்க. பழைய ரேடியோ ஐயா சொன்ன 2011-12 ஆஸ்திரேலியா டூர்லயே இன்னொரு விஷயம் இருக்கு. மொத ரெண்டு டெஸ்ட்ல கோலி சொதப்பினாரு. பெர்த்ல கோலியை எடுத்துட்டு ரோஹித்தைப் போடலாம்னு பேச்சு இருந்ததா சேவாக் பின்னாடி சொன்னாரு, நானும் தோனியும்தான் வேணாம்னு நிறுத்தினோம்னு. பெர்த்ல 44, 75. அடிலெய்டுல 116, அந்த சீரிஸ்ல இந்தியாவுக்கு வந்த ஒரே செஞ்சுரி அது. யாரோ ஒருத்தரு 23 வயசுப் பையனுக்குப் பொறுமை காட்டினாங்க, அதனாலதான் நமக்கு கோலிங்கிற பேட்ஸ்மேன் கிடைச்சாருங்க.

ஸ்லிப்ல_நிக்கிறேன்:

இதைத்தான் நான் கேக்குறேன். அந்தப் பொறுமை இப்ப யாருக்கு இருக்கு? சாய் சுதர்சன், 2025 ஜூன்ல லீட்ஸ்ல மொத டெஸ்ட், டக்கு. மான்செஸ்டர்ல 61. அக்டோபர்ல டெல்லில வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா 87, ரெண்டாவது இன்னிங்ஸ்ல 39. அடுத்த டெஸ்ட் கொல்கத்தா, ஆள் வெளிய! வாஷிங்டன் சுந்தரை மூணாவது பேட்ஸ்மேனா இறக்கினாங்க, அவரு அந்த பிச்ல 29, 31னு நல்லாவே ஆடினார். கவுகாத்தில மறுபடி சாய் மூணுல, வாஷிங்டன் எட்டுல. ரெண்டுமே நம்ம ஊர்ப் பசங்க, ரெண்டு பேருக்கும் நாளைக்கு நாம எங்க இறங்கப் போறோம்னு தெரியல.

கவர்_டிரைவ்_காதலன்:

சாய் கவுகாத்தில அடிச்சிருந்தா இந்தப் பேச்சே இல்லயே. 15, 14.

ஸ்லிப்ல_நிக்கிறேன்:

டீம்ல இருக்கோமா இல்லையான்னு தெரியாம வந்தவன், 549 துரத்துற மேட்ச்ல, 139 பந்து நின்னான் அந்த 14க்கு. வேற யாரு நின்னா?

பழைய_ரேடியோ:

ஜடேஜா 54 அடிச்சார்ப்பா. டீம்லயே வயசானவர்.

டீக்கடை_அம்பயர்:

ஆத்தாடி, திரும்ப மொதல்லேர்ந்தா? கடை சாத்துற நேரம், நான் வாரேன்ணே.

யாழ்_லெக்ஸ்பின்:

சாய் மூண்டில ஆடட்டும், ஒரு பத்து டெஸ்ட் குடுங்கோ. சரிவராட்டி இங்க அனுப்புங்கோ, நாங்கள் வச்சிருக்கிறம்.